வானம் பார்க்கும் மோர் மிளகாய்: நாட்டு ரகங்களோடு ஏழு ஆண்டுகள்

கொழிஞ்சாம்பாறையிலிருந்து வேளந்தாவளம் போகும் வழியில், கேரள எல்லைக்குள் ஆனாலும் தமிழே பேசுகிற ஓர் ஊரில், வீட்டுக்குப் பின்னால் நான்கு சென்ட் இடத்தில் 2017 முதல் நாட்டு மிளகாய் ரகங்களை வளர்த்து, அவற்றிலிருந்து எங்கள் வீட்டுக்கென்று ஒரு மிளகாயை உருவாக்க முயன்று வருகிறேன். வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. மோர் மிளகாய் போடுவதற்கு ஏற்ற காய் வேண்டும்; காரம் குறைவாகவும் தோல் தடிப்பாகவும் இருக்க வேண்டும்; எங்கள் கரிசல் மண்ணில் மழைக்குப் பின் தேங்கும் ஈரத்தில் காய் தரையைத் தொட்டு அழுகிவிடுவதால், காம்பு மேல்நோக்கி நின்று காய் வானம் பார்க்க வேண்டும். இந்த மூன்றும் சேர்ந்த ரகம் எதுவும் என் கைக்குக் கிடைக்கவில்லை. அதனால்தான் இந்தக் குணங்களைச் சேர்த்துத் தரக்கூடிய பெற்றோர்ச் செடிகளைத் தேடும் வேலை தொடங்கியது. அந்தத் தேர்வில் எது உதவியது, எது காலத்தை வீணாக்கியது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

முதல் இரண்டு ஆண்டுகளை வீணாக்கியது பெயர் மயக்கம். புகழ்பெற்ற பெயர்களாகப் பார்த்துச் சேர்த்தேன்: காந்தாரி, இராமநாதபுரம் முண்டு, எடையூர், குண்டூர் சன்னம், பியாடகி. இவற்றில் குண்டூர் என்று சொல்லி ஒரு விதைக் கடையில் கொடுத்த பொட்டலம் விதைத்ததும் ஒரே அச்சில் வார்த்ததைப் போல எழுந்து நின்றது. உயரத்திலும் பூக்கும் நாளிலும் செடிக்குச் செடி வேறுபாடே இல்லை. நாட்டு ரகம் அப்படி வராது. தலைமுறை தலைமுறையாக உழவர் கையில் புழங்கிய விதை என்பது ஒரு கூட்டம். ஒரு குடும்பத்துப் பிள்ளைகளைப் போல முகச்சாயல் ஒன்றாக இருக்கும், ஆனால் ஒன்று நெட்டையாகவும் ஒன்று குட்டையாகவும் நிற்கும். என் கையில் வந்தது ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் தேர்ந்தெடுத்து வெளியிட்ட ரகமாகத்தான் இருக்க வேண்டும். ரகம் மோசமில்லை, நான் தேடியது அது இல்லை, அவ்வளவுதான். பியாடகியை விரைவாகவே விட்டுவிட்டேன். அதன் சிறப்பு காய்ந்த வத்தலின் ஆழ்ந்த சிவப்பு. பச்சைக் காயை மோரில் ஊறவைக்கும் எனக்கு அந்த நிறத்தால் ஒரு பயனும் இல்லை.

காந்தாரிதான் பெரிய ஏமாற்றம், அதுவும் முழுக்க என் அறியாமையால் வந்தது. வேலியோரம் தானாக முளைத்து, நீரில்லாமலும் நின்று, ஆண்டுக்கணக்கில் காய்த்து, காய்கள் எல்லாம் வானம் பார்த்துக்கொண்டிருக்கும் இந்தச் செடியைவிட நல்ல பெற்றோர் எங்கே கிடைக்கும் என்று நினைத்து, 2018-இல் அதன் மகரந்தத்தை முண்டு மிளகாய்ப் பூக்களில் வைத்தேன். முண்டும் எடையூரும் பியாடகியும் கேப்சிகம் ஆன்னுவம் என்ற சிற்றினம். காந்தாரி கேப்சிகம் ஃப்ரூட்டெசன்ஸ். மனிதர் பயிராக்கிய மிளகாய்ச் சிற்றினங்கள் ஐந்து, அவை எல்லாவற்றிலும் மரபணுக்களைத் தாங்கும் குரோமோசோம்கள் 24 என்பதைப் படித்துவிட்டு, எண்ணிக்கை ஒன்றானால் சேர்க்கையும் எளிதாக இருக்கும் என்று முடிவு கட்டியது தவறு. நாற்பது பூக்களில் கை வைத்ததில் நான்கு காய் நின்றது. நான்கிலும் பெரும்பாலும் பதர் விதை. முளைத்த மூன்று செடிகளும் இடுப்பளவு வளர்ந்து, பூத்துப் பூத்து உதிர்த்துவிட்டு, கடைசி வரை நல்ல விதை ஒன்றும் தரவில்லை. சிற்றினம் தாண்டிய சேர்க்கை முடியாததில்லை. பொறுமையும் ஆய்வுக்கூட வசதியும் உள்ளவர்கள் செய்கிறார்கள். நான்கு சென்ட் தோட்டக்காரர் முதல் சேர்க்கையாக அதைத் தேர்ந்தெடுக்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்த ஆண்டு சேர்க்கை எதுவும் செய்யாமல், ஒவ்வொரு ரகத்திலும் இருபது முப்பது செடிகளை நட்டு வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழு ஆண்டுகளில் மிகவும் பயன்பட்ட ஆண்டு அதுதான் என்று இன்று தோன்றுகிறது. எடையூர் மிளகாய் மலப்புறம் மாவட்டத்தில் வளாஞ்சேரியைச் சுற்றிய ஊர்களின் பயிர். அங்கே அதைக் கொண்டாட்டம் போடுகிறார்கள், அதாவது நம் மோர் மிளகாய்தான். 2021-இல் புவிசார் குறியீடும் பெற்றது. என் இருபத்தைந்து செடிகளில் இரண்டில் மட்டும் காரம் நாக்கைச் சுட்டது, மற்றவை சாதுவாக இருந்தன. ஒரே செடியை வளர்த்துப் பார்த்திருந்தால், அது அந்த இரண்டில் ஒன்றாக அமைந்திருந்தால், எடையூரையே தள்ளிவிட்டிருப்பேன். முண்டு நேர்மாறாக நடந்துகொண்டது. 2023-இல் குறியீடு பெற்ற இந்த உருண்டை மிளகாய் இராமநாதபுரத்தில் வடகிழக்குப் பருவமழையை நம்பி மானாவாரியாக விளைவது; இங்கே ஆனியிலும் ஆடியிலும் பாலக்காட்டுக் கணவாய் வழியே வீசும் காற்றில் அதன் கிளைகள் கவட்டையிலேயே பிளந்தன. ஊர் மாறினால் ரகத்தின் குணமும் மாறித் தெரியும் என்பதை எழுத்தில் படித்திருந்தேன். கிளை பிளந்து கிடந்ததைப் பார்த்த பிறகுதான் நம்பினேன். அதற்குப் பின் நடவை ஆவணிக்குத் தள்ளிவிட்டேன்.

என் திட்டத்தையே மாற்றிய செடி பெயர் பெற்ற எதுவும் இல்லை. தெருக்கோடியில் இருக்கும் அம்மாயி ஒருவர் தம் களத்து ஓரத்தில் வைத்திருந்த கொத்து மிளகாய் அது. ஐந்தாறு காய்கள் ஒரே கணுவில் மேல்நோக்கி நிற்கும். சாதாரண மிளகாய்ச் சிற்றினம்தான், காந்தாரி இல்லை. காரம் மட்டும் அதிகம். விதை கேட்டபோது நன்றாகப் பழுத்த ஒரு செடியைக் காட்டி, அதிலிருந்து பறித்துக்கொள்ளட்டுமா என்றேன். “ஒரே செடியில எடுத்தா வெதை இளைச்சுப் போயிருங் கண்ணு, நாலு மூலையிலயும் பறிக்கோணும்” என்று சொல்லிவிட்டு, அவரே பதினைந்து செடிகளில் ஒவ்வொன்றிலும் இரண்டு பழம் வீதம் பறித்து மடியில் கட்டிக் கொடுத்தார். மிளகாய் தன் மகரந்தத்தாலேயே சூல்கொள்ளக்கூடியது என்பதால் விதை உடனே இளைத்துவிடாது. ஆனால் கூட்டத்தின் பலவிதத் தன்மை அந்த ஒரு செடியோடு குறுகிப்போகும். அவர் சொன்ன சொல் வேறாக இருக்கலாம், செய்த வேலை சரியானது.

சேர்க்கை வேலையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும். மாலை நான்கரைக்கு மேல், மறுநாள் காலை விரியப்போகிற மொட்டாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பேன். வெளுத்து உப்பியிருக்கும், ஆனால் இதழ் நுனி இன்னும் பிரிந்திருக்காது. புருவம் திருத்தும் சிறு இடுக்கியால் இதழை விலக்கினால், உள்ளே நீலம் பாய்ந்த மகரந்தப் பைகள் ஐந்தோ ஆறோ சூல்தண்டைச் சுற்றி நிற்கும். அவை வெடித்துப் பொடி உதிர்க்கும் முன் ஒவ்வொன்றாகக் கிள்ளிவிட வேண்டும். ஒன்று தப்பினாலும் அந்தப் பூ வீண். பிறகு நகைக்கடையில் கம்மல் போட்டுக் கொடுக்கும் வலைப் பை ஒன்றை மாட்டிச் சுருக்கை இழுத்து, காம்பில் நிற நூல் கட்டிவிடுவேன். காலை ஒன்பதுக்குள் தந்தைச் செடியின் விரிந்த பூவைப் பறித்து, அதன் பொடியைச் சூல்முடியில் தொட்டு வைத்துவிட்டு மீண்டும் பை. காற்று ஓங்கிய நாளில் இந்த வேலைக்குப் போவதில்லை. இந்த வலைப் பை சேர்க்கைக்கு மட்டுமன்று, ரகத்தைத் தூய்மையாக வைத்திருக்கவும் வேண்டும்; தேனீக்கள் மிளகாய்ப் பூவுக்கு வரும், பக்கத்து வரப்பு மகரந்தமும் கூடவே வரும். குடைமிளகாய்க்குப் பக்கத்தில் நட்டதால் இந்த ஆண்டுக் காய் சப்பென்று ஆகிவிட்டது என்று சிலர் சொல்வதுண்டு. காய் தாயின் உடம்பு. கலப்பு தெரியவருவது அதன் விதையை விதைத்த பிறகே.

2020-இல் எடையூரைத் தாயாகவும் கொத்து மிளகாயைத் தந்தையாகவும் வைத்து இருபத்தைந்து பூக்களில் ஒன்பது காய் எடுத்தேன். முதல் தலைமுறையில் எல்லாச் செடிகளிலும் காய் தொங்கியது. அதில் கவலைப்பட ஒன்றுமில்லை. தொங்கும் காய் ஓங்கு பண்பு, அதாவது பெற்றோரில் ஒன்றிடமிருந்து மட்டும் வந்தாலும் வெளியே தெரிவது; நிமிர்ந்த காய் ஒடுங்கு பண்பு, இரண்டிடமிருந்தும் வந்தால்தான் தெரிவது; அதனால் இரண்டாம் தலைமுறையில் ஏறக்குறைய நான்கில் ஒன்று நிமிர்ந்து வரும். ஒடுங்கு பண்பில் ஒரு வசதி உண்டு: கண்ணில் பட்டுவிட்டால் அந்தச் செடியைப் பொறுத்தவரை அது நிலைத்துவிட்டது, தன் மகரந்தத்தில் வளர்க்கும் வரை திரும்பப் பிரியாது. காரம் அப்படி இல்லை. காரம் இருக்குமா இருக்காதா என்பதை ஒரு மரபணு முடிவு செய்கிறது. எவ்வளவு என்பதைப் பல மரபணுக்களும் வெயிலும் தண்ணீரும் சேர்ந்து முடிவு செய்கின்றன. பங்குனியில் சுட்ட அதே செடி கார்த்திகையில் சாந்தமாக இருந்ததை நாக்கே கண்டது. சுவை பார்க்கும்போது பக்கத்தில் தயிர்க் கிண்ணம் இருக்க வேண்டும்; தண்ணீர் குடித்தால் எரிச்சல் பரவுமே தவிர அடங்காது.

பெற்றோரைத் தேர்வதற்கு முன்பு நான் போட்டிருக்க வேண்டிய கணக்கு ஒன்று உண்டு. வேண்டிய ஒடுங்கு பண்பு ஒன்றானால் இரண்டாம் தலைமுறையில் நான்கில் ஒரு செடி. இரண்டானால் பதினாறில் ஒன்று. மூன்றானால் 64-இல் ஒன்று. ஆனால் 64 செடி நட்டால் ஒன்று நிச்சயம் என்று பொருள் இல்லை. வெறுங்கையோடு திரும்பும் வாய்ப்பு மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேலேயே இருக்கிறது. நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உறுதி வேண்டுமானால் இரண்டு பண்புக்கு 47 செடி, மூன்று பண்புக்கு 191 செடி வேண்டும். என் இடத்தில் ஐம்பதுக்கு மேல் நடமுடியாது. ஆகவே வீட்டுத் தோட்டக்காரர், எல்லாச் சிறப்பும் தனித்தனியே உள்ள இரண்டு வெகுதூரத்து ரகங்களைச் சேர்க்கும் ஆசையை விட்டு, பெரும்பாலும் ஒத்துப்போகிற, ஓரிரு பண்பில் மட்டும் வேறுபடுகிற இரண்டைத் தேட வேண்டும். காந்தாரியை விட்டு அம்மாயியின் கொத்து மிளகாய்க்கு நான் வந்தது தற்செயல். கணக்குத் தெரிந்திருந்தால் நேராகவே வந்திருப்பேன்.

2022-இல் இரண்டாம் தலைமுறையில் 48 செடிகள் நட்டேன். அதற்கு முந்தைய பருவத்தில் ஆந்திரத்திலும் தெலங்கானாவிலும் மிளகாய்க் காடுகளை அழித்த புதுவகைக் கருப்பு இலைப்பேன் அந்த ஆண்டு என் தோட்டத்துப் பூக்களிலும் வந்து உட்கார்ந்துவிட்டது. பழைய இலைப்பேன் இலையைச் சுருட்டும். இது பூவுக்குள் கூட்டமாக இறங்குகிறது, பூ உதிர்கிறது, சேர்க்கைக்கு மொட்டே மிஞ்சுவதில்லை. நீல ஒட்டும் அட்டையும் வேப்பங்கொட்டைக் கரைசலும் கொஞ்சம் தடுத்தன. காய் பிடித்தவை பத்தொன்பது; அவற்றில் நிமிர்ந்தவை ஐந்து; ஐந்தில் காரம் குறைந்தவை இரண்டு. தப்பியவற்றை எதிர்ப்புத் திறன் உள்ளவை என்று சொல்லிக்கொள்ள எனக்கு ஆசைதான்; ஆனால் அவை இரண்டு வாரம் தாமதமாகப் பூத்தவை, பூச்சி குறைந்த நேரத்தில் பூத்து ஒதுங்கியும் இருக்கலாம்.

விதைப் பாதுகாப்பில் ஒரு சொல். நிழலில் உலர்த்தி, மடித்தால் வளையாமல் ஒடிகிற அளவுக்குக் காய்ந்ததும் இறுக மூடிய டப்பாவில் குளிர்பெட்டியில் வைக்கிறேன். அலமாரியில் வைத்த முதல் ஆண்டு முண்டு விதை மூன்றாம் ஆண்டில் பாதிகூட முளைக்கவில்லை. டப்பாவின் மேல் ரகத்தின் பெயரோடு யாரிடம், எந்த ஊரில், எத்தனை செடியிலிருந்து எடுத்தது என்பதையும் எழுதுகிறேன். பெயரைவிட அந்தக் குறிப்புதான் அதிகம் பயன்பட்டிருக்கிறது. 2001-ஆம் ஆண்டின் பயிர் ரகப் பாதுகாப்பு மற்றும் உழவர் உரிமைச் சட்டம், விதையைச் சேமிக்கவும் மறுபடி விதைக்கவும் பரிமாறவும் உழவருக்குள்ள உரிமையை ஏற்கிறது. அம்மாயிக்கு மூன்றாம் தலைமுறை விதையில் ஒரு பிடி கொடுத்துவிட்டேன்.

இப்போது கையில் இருப்பது நான்காம் தலைமுறை, இரண்டு வரிசை. காய் நிமிர்கிறது, தோல் தடிப்பு, காரம் வீட்டில் குழந்தைகளும் தயிர்ச்சோற்றோடு கடித்துத் தின்னும் அளவு. நான் கணக்கில் சேர்க்க மறந்த ஒன்று மட்டும் உறுத்துகிறது. கொத்து மிளகாயில் காய் சற்றே பழுக்கத் தொடங்கினாலும் காம்பை விட்டுக் கழன்றுவிடும். அது ஓங்கு பண்பு என்பதால் முதல் வரிசை முழுதும் அப்படியே கழல்கிறது, காம்பில்லாத காயில் மோர் புகுந்து பொரிக்கும்போது எண்ணெயில் வெடிக்கிறது. காம்பு பிடித்து நிற்பது நான் விரும்பிய மூன்றாவது ஒடுங்கு பண்பு. அதை முதலிலேயே எண்ணியிருந்தால் இடம் போதாது என்று அன்றே தெரிந்திருக்கும். இரண்டாம் வரிசையில் எட்டாம் எண் செடியில் மட்டும் காம்பு பழுத்த பின்னும் விடவில்லை. அதன் பதினோரு பழங்களின் விதை தனி டப்பாவில் இருக்கிறது, ஆவணியில் நாற்று விட வேண்டும்.