கிளாஸ்டோஜோ செயலி: முதலாம் ஆண்டு வகுப்பில் எடுபடுமா?

2011-இல் அமெரிக்காவில் தொடங்கிய கிளாஸ்டோஜோ, ஆசிரியர்களுக்கு இலவசம். பெயர்ப் பட்டியலை ஏற்றியதும் ஆளுக்கொரு குட்டிப் பூதம் வந்து நிற்கும். நல்லது செய்த பிள்ளையின் பூதத்தைத் தட்டி, எந்தச் செயலுக்கு என்று தேர்ந்தெடுத்தால் மணியொலியோடு ஒரு புள்ளி ஏறும். கோலாலம்பூரின் செந்தூல், பங்சார் பக்கம் தமிழ்ப்பள்ளிக்குப் புதிதாக வந்து முதலாம் ஆண்டு எடுப்பவர்களுக்கு இது நன்றாகவே கைகொடுக்கும். ஆனால் இறக்கிய கையோடு அப்படியே வகுப்புக்குக் கொண்டுபோகாதீர்கள்.

புள்ளி தருவதற்கென்று அதில் ஏற்கெனவே இருக்கும் ‘விடாமுயற்சி’, ‘குழுப்பணி’ வகையறாக்களை முதலில் நீக்குங்கள். என்ன செய்தால் புள்ளி கிடைக்கும் என்று ஏழு வயதுப் பிள்ளைக்கு அதில் விளங்காது. கண்ணுக்குத் தெரிகிற மூன்று செயல் போதும், தமிழிலேயே எழுதலாம்: கை தூக்கிப் பேசுதல், சொன்னதும் நோட்டை எடுத்தல், வரிசையில் தள்ளாமல் நிற்றல்.

கழித்தல் புள்ளிகளையும் அடியோடு எடுத்துவிடுங்கள். அதற்குத் தனி ஒலி உண்டு. அது கேட்டதும் யாருக்கு விழுந்தது என்று வகுப்பே திரும்பும். பாடம் அங்கேயே நின்றுவிடும். நாலு பேர் பார்க்க வேண்டும் என்றே சேட்டை செய்கிற பிள்ளைக்கு அதைவிட என்ன வேண்டும்? பெற்றோரை இணைத்திருந்தால் அந்தக் கழித்தல் வீட்டில் ரோத்தானாக, அதாவது பிரம்படியாக, மாறவும் கூடும்.

புள்ளியைவிட அதோடு சொல்லும் சொல்தான் வேலை செய்கிறது. “குட் பாய்” என்றால் காற்றோடு போய்விடும். “கவின், சொன்னதும் நோட்டை எடுத்துட்ட, ஒரு புள்ளி” என்று அந்த நொடியே சொல்லுங்கள். பக்கத்து மேசையில் இரண்டு நோட்டு தானாக வெளியே வரும். பாடவேளை முடிந்து மொத்தமாகக் கொடுத்தால் எதற்குக் கிடைத்தது என்றே பிள்ளைக்கு நினைவிருக்காது.

பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான்: முன்வரிசையும் வாயாடிகளும் புள்ளிகளை அள்ளிக்கொள்வார்கள், அமைதியான பிள்ளை பூச்சியத்திலேயே இருக்கும். வெள்ளிக்கிழமை அறிக்கையைத் திறந்து, பூச்சியத்தில் இருப்பவர்களைக் குறித்துக்கொண்டு, திங்கட்கிழமை கண்ணை அவர்கள் மேல் வையுங்கள். புதிய வாரத்துக்குப் பூதங்களின் புள்ளிகளை அழித்தாலும் பழைய கணக்கு அறிக்கையில் இருக்கும்.

தனிப்பட்டியலைத் திரையில் காட்டாமல் வகுப்பின் மொத்தத்தை மட்டும் வெண்பலகையில் எழுதுவது நல்லது. 25 பேர் வகுப்புக்கு முதல் வாரம் 30 புள்ளி வைத்தால் வியாழனுக்குள் எட்டிவிடலாம். பரிசாக ஐந்து நிமிட விளையாட்டு. அடுத்த வாரம் 40. மிட்டாயில் ஆரம்பித்தால் சம்பளம் தாங்காது. என்ன குறும்பு செய்தாலும் ஏறிய புள்ளியை இறக்காதீர்கள்.

செயலியில் இருக்கும் சத்தம் அளக்கும் கருவி நம் வகுப்பறைக்கு உதவாது. மின்விசிறியை முழு வேகத்தில் விட்டால் பிள்ளைகள் வாய் திறக்காமலே அளவு ஏறிவிடும். நேரக் கணிப்பான் மட்டும் அருமை: ஓய்வு முடிந்து வியர்த்து வரும் கூட்டத்துக்கு இரண்டு நிமிடம் ஓடவிட்டால் உட்கார்ந்துவிடும்.

பெற்றோரை இணைப்பது கட்டாயமில்லை. இணைத்தால், அவர்கள் திரையில் வரும் கட்டணச் சந்தா வகுப்புக்குத் தேவையில்லை என்று வாட்ஸ்அப் குழுவில் முன்கூட்டியே ஒரு வரி போட்டுவிடுங்கள்.