பொனான்சா, கன்ஸ்மோக் டிவிடி செற்: எதை வாங்கலாம், எதை விடலாம்

இலங்கையில் தொலைக்காட்சி தொடங்கியது 1979இல். அமெரிக்க கௌபோய்த் தொடரான பொனான்சா அதற்கு முன்பே, 1973இல் முடிந்துவிட்டது. அதேபோன்ற இன்னொரு தொடரான கன்ஸ்மோக் 1975இல். அதனால் யாழ்ப்பாணத்தில் கௌபோய் என்றால் தியேட்டர்தான், தமிழில் ஜெய்சங்கர்தான். இந்தத் தொடர்கள் இங்கே வந்து சேர்வது இப்போதுதான், அதுவும் பெரும்பாலும் ரொறன்ரோவிலிருந்தோ லண்டனிலிருந்தோ வருகிறவர்களின் பெட்டிக்குள். என்ன வாங்கிவரச் சொல்வது என்று தெரியாமல் சொன்னால் காசு வீண். நல்ல இறுவட்டையும் மோசமான இறுவட்டையும் பிரித்தறிய, தொடரைப் பற்றிய பழைய துணுக்குச் செய்திகளே பெரிய உதவி.

முதலில் பொனான்சா. இதில் இரண்டு விதமான டிவிடி விற்பனையில் உண்டு. ஒன்று உரிமையாளர்களின் அனுமதியோடு சீசன் சீசனாக வந்த செற். மற்றது பத்து இருபது அத்தியாயங்களைச் சேர்த்து மிகக் குறைந்த விலைக்கு விற்கும் தொகுப்பு. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றின் உரிமையை 28ஆவது வருடத்தில் புதுப்பித்தாக வேண்டும். பொனான்சாவின் முதல் இரண்டு சீசன்களில் 31 அத்தியாயங்களுக்கு அது செய்யப்படவில்லை. யாரும் அச்சடிக்கலாம் என்றானது. ஆனால் ஜே லிவிங்ஸ்டன், ரே எவன்ஸ் இருவரும் அமைத்த தொடக்க இசையின் உரிமை தனியானது, அது இன்னும் உயிரோடு இருக்கிறது. அதனால் மலிவுத் தொகுப்புகளில் தொடக்கக் காட்சியில் வரைபடம் தீப்பற்றி எரியும், நாலு குதிரைகளும் பாய்ந்து வரும், பின்னால் மட்டும் சம்பந்தமே இல்லாத ஏதோ ஒரு இசை ஓடும். அந்த இசை இல்லாத பொனான்சா பொனான்சாவே அல்ல. இசையோடு பிரச்சினை முடிவதும் இல்லை. இந்தத் தொகுப்புகள் பெரும்பாலும் தேய்ந்த 16 மி.மீ. படச்சுருளிலிருந்து எடுத்தவை. சிவப்பு மட்டும் மிஞ்சி, பச்சையும் நீலமும் வெளிறிப் போயிருக்கும். எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை: 1970இல் தொடங்கிய 12ஆவது சீசனில் டேவிட் ரோஸ் அமைத்த வேறு தொடக்க இசை வருகிறது. அது அசல்தான், போலி என்று திருப்பி அனுப்ப வேண்டாம்.

அனுமதி பெற்ற செற்றில் படம் அவ்வளவு வடிவு. தாஹோ ஏரியின் நீலம், மலைச்சரிவின் பச்சை எல்லாம் தெளிவு. பொனான்சா 1959இல் முதல் அத்தியாயத்திலிருந்தே வண்ணத்தில் எடுக்கப்பட்டது. ஒளிபரப்பிய என்.பி.சி.யின் தாய் நிறுவனம் ஆர்.சி.ஏ., வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி விற்றது. வண்ணப் பெட்டியை விற்க வண்ணத் தொடர் தேவைப்பட்டது. இந்தச் செய்தி இங்கே நேரடியாகப் பயன்படும்: உங்கள் ரிவியில் பொனான்சா கறுப்பு வெள்ளையாகத் தெரிந்தால் பிழை இறுவட்டில் இல்லை. வட அமெரிக்க இறுவட்டு என்.ரி.எஸ்.சி. என்ற வீடியோ முறை, நம் பழைய ரிவிகள் ‘பால்’ என்ற வேறு முறை. மஞ்சள் நிற வயரில் இணைத்தால் நிறம் போய்விடும், சிலவேளை படம் மேலும் கீழுமாக உருளும். பிளேயரின் மெனுவில் ‘ரிவி வகை’ என்ற இடத்தில் ‘பால்’ என்று மாற்றிப் பாருங்கள். எச்.டி.எம்.ஐ. வயரில் இந்தத் தொல்லையே வராது.

இதையும், ஒரு இறுவட்டு எந்த நாடுகளின் பிளேயரில் ஓடும் என்று கட்டுப்படுத்தும் மண்டலப் பூட்டையும் கனபேர் ஒன்றாகக் குழப்புகிறார்கள். கனடா மண்டலம் 1, பிரித்தானியாவும் ஐரோப்பாவும் 2, அவுஸ்திரேலியா 4, நாம் 5. இங்கே விற்கும் மலிவான பிளேயர்களில் பல எல்லா மண்டலத்தையும் ஓட்டும். இருந்தாலும் வாங்க முன் கடையிலேயே ஒரு மண்டலம் 1 இறுவட்டைப் போட்டுப் பாருங்கள். கணினி டிரைவ் என்றால் மண்டலத்தை ஐந்து தடவைதான் மாற்றலாம், ஐந்தாவதோடு அது நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். கனடாவிலிருந்து பிளேயரையும் சேர்த்துக் கொண்டுவந்தால் பின்பக்கம் 100–240 வோல்ட் என்று எழுதியிருக்கிறதா பார்க்க வேண்டும். 120 மட்டும் என்றால் நம் 230இல் செருகியவுடன் எரிந்துவிடும்.

கன்ஸ்மோக் வேறு கதை. 1955 முதல் 20 சீசன், 635 அத்தியாயம். முழுச் செற் நூற்றுக்கும் மேற்பட்ட இறுவட்டுகள். புதிதாகத் தொடங்குகிறவர் அதை வாங்கத் தேவையில்லை. ஒரே ஒரு சீசன் வாங்குவதானால் 9ஆவது, 1963–64. கதாநாயகன் மாஷல் டிலனின் உதவியாள் செஸ்ரராக நடித்த டெனிஸ் வீவர் விலகிப்போன சீசன் அது. அவருக்குப் பின் நிலைத்த கென் கேர்ட்டிஸின் ஃபெஸ்ரஸும் அதில் வந்துவிடுகிறார், கொல்லன் குவின்ராக இளம் பேர்ட் ரெனால்ட்ஸும் இருக்கிறார். மூவரையும் ஒரே இடத்தில் பார்க்கலாம். ஆனால் சீசன்கள் பாதி பாதியாக இரண்டு பெட்டிகளில் விற்கப்படுகின்றன. ‘தொகுதி 1’ என்றிருந்தால் பாதிதான், இரண்டையும் கேட்டு வாங்குங்கள். கடைசிச் சீசனை முதலில் வாங்கவே வேண்டாம். அமாண்டா பிளேக் 19ஆவதோடு விலகிவிட்டதால் அவர் நடித்த மதுச்சாலைக்காரி கிற்ரி அதில் இல்லை.

கன்ஸ்மோக் 1966 வரை கறுப்பு வெள்ளைதான், அங்கே ரிவியைத் திருகிப் பயனில்லை. அந்தக் கறுப்பு வெள்ளை நல்ல பிரதியில் எவ்வளவு அழகு என்பதை மதுச்சாலைக் காட்சிகளில் பாருங்கள், விளக்கொளி படாத மூலைகளிலும் முகங்கள் தெரியும். நடிகர்களின் நடையையும் கவனியுங்கள். செஸ்ரரின் விறைத்த கால் முழுக்க நடிப்பு. வீவர் ஒரு தடகள வீரர், 1948 ஒலிம்பிக் தகுதிப் போட்டியில் டெகாத்லனில் இறங்கியவர். மாறாக, நிமிர்ந்து நடக்கும் மாஷல் டிலன்தான் உண்மையில் காயப்பட்ட கால்காரர். டிலனாக நடித்த ஜேம்ஸ் ஆர்னஸ் 1944இல் இத்தாலியின் அன்சியோவில் காலில் சுடப்பட்டவர், நீண்ட நேரம் குதிரையில் இருப்பது அவருக்கு வேதனை. இது தெரிந்தபின் அவர் குதிரையிலிருந்து இறங்கும் காட்சிகளை வேறு கண்ணோடுதான் பார்ப்பீர்கள்.

வெட்டப்பட்ட பிரதியா என்று நேரத்தை வைத்துப் பிடிக்கலாம். முதல் ஆறு சீசன் அரைமணி அத்தியாயங்கள், விளம்பரம் நீங்க ஏறக்குறைய 26 நிமிடம். பிந்தியவை ஏறக்குறைய 50. மறுஒளிபரப்புக்காக வெட்டியவை இதைவிடப் பல நிமிடம் குறைவாக இருக்கும். லண்டன் பக்கத்து ‘பால்’ இறுவட்டில் 50 நிமிடம் 48 ஆகக் காட்டினால் பயப்பட வேண்டாம். விநாடிக்கு 24 சட்டமாக எடுத்ததை 25 ஆக ஓட்டுவதால் வரும் 4 சதவீதம் அது.

திரையில் வரும் உபதலைப்பை வாசித்துப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு மிக முக்கியமான ஒன்று. ஃபெஸ்ரஸின் பேச்சு ஆங்கிலம் நன்கு தெரிந்தவருக்கே சிரமம். உறையில் ‘சி.சி.’ என்ற குறி மட்டும் இருந்தால் அந்த எழுத்து எச்.டி.எம்.ஐ. வழியாக வராது, நம் ரிவிகளில் மஞ்சள் வயரிலும் வராது. அதைக் காட்டும் கருவி அமெரிக்க ரிவிக்குள்தான் இருக்கிறது. கணினியில் வி.எல்.சி.யில் போட்டு, உபதலைப்பு மெனுவில் ‘குளோஸ்ட் கப்ஷன் 1’ஐத் தெரிவுசெய்தால் வந்துவிடும்.

மற்றவற்றில், ‘வோண்டட்: டெட் ஓர் அலைவ்’ ஸ்ரீவ் மக்குயினுக்காக வாங்கத் தகுந்தது. 94 அத்தியாயம்தான், முடித்துவிடலாம். அவர் இடுப்புப் பட்டியில் இருக்கும் பெரிய தோட்டாக்கள் அவர் கதையில் வைத்திருக்கும் குட்டித் துப்பாக்கிக்குள் போகவே போகாத 45-70 ரகம். தோட்டாக்கள் தனித்தனியாகத் தெரிந்தால் நல்ல பிரதி, பட்டி ஒரே கறுப்பாக இருந்தால் மோசமான பிரதி. ‘த ரைஃபிள்மேன்’ நடிப்புக்கு நல்லது, 1880களின் கதையில் 1892ஆம் வருட வின்செஸ்ரர் துப்பாக்கி வருவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். எல்லாவற்றுக்கும் ரிவியில் பட அளவை 4:3 என்று வைத்துப் பாருங்கள், இல்லாவிட்டால் ஆளும் குதிரையும் பக்கவாட்டில் வீங்கிவிடும்.

பெரிய செற்களில் பல இறுவட்டுகளை ஒரே குமிழில் அடுக்கியிருப்பார்கள். அடியில் இருப்பதை எடுக்கும்போது மேலுள்ளவை உரசும். நம் உவர்க்காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் ஒவ்வொன்றையும் தனி உறையில் இட்டு, மூடியுள்ள டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு நிமிர்த்தி வையுங்கள். துடைப்பதானால் ஈரமற்ற மென் பருத்தித் துணியால் நடுவிலிருந்து வெளியே நேர்கோட்டில். வட்டமாகத் துடைத்தால் கீறல் தரவு ஓடும் திசையிலேயே விழும், பிளேயர் அந்த இடத்தில் சிக்கி நிற்கும்.