ரிங் சுவிட்ச் வாங்குமுன் லைசென்ஸ் பக்கத்தைத் திறந்து பாருங்கள்: 46,500 ரேண்ட் போனது

தென்னாப்பிரிக்காவில் டர்பன் பக்கம் கிடங்குக்கோ கேமரா வேலைக்கோ ரிங் சுவிட்ச் (வட்டமாகக் கோத்து, ஒரு கேபிள் அறுந்தாலும் மறுபக்கமாக ஓடும் நெட்வொர்க் சுவிட்ச்) வாங்கப் போகிறவர்கள் கொஞ்சம் நில்லுங்கள். ஆறு மேனேஜ்டு சுவிட்ச், அதில் ஈஆர்பிஎஸ் (வட்டத்தில் ஓர் இணைப்பை அடைத்து வைத்து, வேறு இணைப்பு அறுந்தால் அதைத் திறந்துவிடும் முறை) அமைத்துக் கொடுக்கும் கூலி, எல்லாம் சேர்த்து 46,500 ரேண்ட். அந்தப் பணம் திரும்பாது என்று நேற்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார்கள். ஆன்லைனில் விற்று, நேரில் வந்து பொருத்தியும் தருகிற ஒரு நெட்வொர்க் சாமான் கடை. பெயர் போடவில்லை.

நம்பிய இடம் இதுதான், அடுத்தவரையும் இங்கேதான் பிடிப்பார்கள். கடைக்காரர் மேசையில் மூன்று சுவிட்சை வட்டமாகக் கோத்து, லேப்டாப்பில் பிங் (மறுமுனையிலிருந்து பதில் வருகிறதா என்று பார்க்கும் கட்டளை) ஓடவிட்டு, ஒரு கேபிளைப் பிடுங்கிக் காட்டினார். ஒரே ஒரு டைம் அவுட், உடனே பதில் வந்தது. "பாத்தீங்களா அண்ணே, அம்பது மில்லி செகண்ட்! நம்ம ஆளுக்குத் தப்பான சாமான் குடுப்பேனா?" தமிழில் அப்படிக் கேட்டதும் அன்றைக்கே பணம் கட்டியாகிவிட்டது.

அந்தச் சோதனைக்கு ஒரு மதிப்பும் கிடையாது. விண்டோஸ் பிங் பதில் வராவிட்டால் 4 விநாடி காத்திருந்துவிட்டுத்தான் டைம் அவுட் என்று எழுதும். 50 மில்லி விநாடி அறுந்தாலும் 3 விநாடி அறுந்தாலும் திரையில் அதே ஒற்றை வரிதான். சாதாரண ஆர்எஸ்டிபி (டேட்டா வட்டமாகச் சுற்றுவதைத் தடுக்கும் பொது முறை) கூட அந்த மேசையில் பாஸ் ஆகியிருக்கும். பார்த்திருக்க வேண்டியது ரிங் ஸ்டேட்டஸ் பக்கம். ஈஆர்பிஎஸ்ஸின் தரநிலையான ஜி.8032 முறைப்படி ரிங் நல்ல நிலையில் இருந்தால் 'ஐடில்' என்று இருக்கும், ஆர்பிஎல் (வழக்கமாக அடைத்து வைக்கும் இணைப்பு) போர்ட் பிளாக் ஆகியிருக்கும். கேபிளைப் பிடுங்கினால் 'புரொடெக்‌ஷன்'. திரும்பச் செருகினால் 'பெண்டிங்'. டபிள்யூடிஆர் டைமர் (பழைய நிலைக்குத் திரும்புமுன் காத்திருக்கும் நேரம்), வழக்கமாக 5 நிமிடம், எண்ணி முடித்த பிறகே ஐடிலுக்கு வரும். அந்த 5 நிமிடமும் நின்று பார்க்காமல் எழுந்து வந்தது பெரிய தப்பு.

பொருத்த வந்த பையன் ஒரே கான்ஃபிக் ஃபைலை ஆறிலும் ஏற்றினான். ஆறுமே ஆர்பிஎல் ஓனர், அதாவது அந்த இணைப்பை அடைக்கும் சுவிட்ச்! ஒவ்வொன்றும் தன் 'கிழக்கு' (ரிங்கின் ஒரு பக்க) போர்ட்டை அடைத்துக்கொண்டு தனித்தனித் தீவாக நின்றது. ஒரு ரிங்குக்கு ஒரே ஓனர், அந்த இணைப்பின் மறுமுனையில் ஒரு நெய்பர், மற்றவை வெறும் நோடு. இதைச் சொல்லித் திருத்த வைப்பதற்குள் அரை நாள் போனது. அப்போதே சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

இரண்டு மாதம் ஓடியது. பிறகு ஒரு நாள் கரண்ட் போய் வந்தது. லோட்ஷெடிங் பழகிய ஊரில் இது ஒன்றும் அதிசயமில்லை. சுவிட்சுகள் எழுந்தன, எல்லாப் போர்ட் விளக்கும் ஒரே தாளத்தில் வெறி பிடித்ததுபோல் மின்னின. ஸ்கேனர் இல்லை, கேமரா இல்லை, சுவிட்சுக்குள் லாகின்கூட முடியவில்லை. பிராட்காஸ்ட் ஸ்டார்ம்: எல்லாருக்கும் போகும் டேட்டா வட்டத்தில் சுற்றிச் சுற்றிப் பெருகி நெட்வொர்க்கை அடைத்துவிட்டது. ரிங்கில் ஒரு கேபிளைக் கழற்றியதும் அடங்கியது. உள்ளே போய்ப் பார்த்தால் ஈஆர்பிஎஸ் 60 நாள் டிரையல் லைசென்ஸ். காலாவதியான பிறகும் ரீபூட் ஆகும்வரை ஓடியிருக்கிறது. ரீபூட் ஆனதும் ரிங் இன்ஸ்டன்ஸ் (ரிங்கைக் காக்கும் ஈஆர்பிஎஸ் அமைப்பு) எழவே இல்லை. ஈஆர்பிஎஸ்ஸுக்காக ரிங் போர்ட்டுகளில் லூப் தடுக்கும் எஸ்டிபியை ஏற்கெனவே அணைத்தாயிற்று. ஆக வட்டத்தை அடைக்க ஒருவரும் இல்லை. ஈதர்நெட் ஃப்ரேமுக்கு (டேட்டா துண்டுக்கு) ஆயுள் எண்ணிக்கை கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கும்.

லைசென்ஸ் தனியாக வாங்கலாமென்றால் அதற்கும் வழியில்லை. சீரியல் நம்பர்கள் வேறு நாட்டு விற்பனைக்குப் பதிவானவை, தயாரிப்பாளர் இங்கே தர மறுக்கிறார்.

கடைக்கு எழுதியதற்கு வந்த பதில்கள், வரிசைப்படி: "ஃபர்ம்வேர் வரும் அண்ணே." "உங்க கேபிள்ல லூப் இருக்கு." "டெக்னீசியன் லீவு." அதற்குப் பிறகு வாட்ஸ்அப்பில் நீல டிக் மட்டும். நேற்று நேரில் போனபோது, "பெட்டி பிரிச்சாச்சு, ரிட்டர்ன் கிடையாது." 46,500 ரேண்ட் வாங்கியவர் சொன்ன பதில் இது. பெட்டி பிரித்தது ஒரு சாக்கே இல்லை. 2008ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 56ஆம் பிரிவுப்படி பழுதான பொருளை 6 மாதத்துக்குள் திருப்பலாம். ஆனால் நிறுவனமாக வாங்கினால், ஆண்டு விற்றுமுதலோ சொத்தோ 20 லட்சம் ரேண்டைத் தொட்டுவிட்டால் அந்தச் சட்டம் உதவாது. அது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

விவரமாக எழுதத்தான் உட்கார்ந்தேன், கை நடுங்குகிறது. அவசரத்துக்கு இவ்வளவு:

பணம் கொடுக்குமுன் லைசென்ஸ் பக்கம், சீரியல் நம்பர் இரண்டையும் தயாரிப்பாளரிடம் சரிபாருங்கள். ஒருமுறை ஆறையும் ஒன்றாக ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லுங்கள்.

ஆர்-ஏபிஎஸ் கண்ட்ரோல் விலான் (ரிங் சுவிட்சுகள் தமக்குள் செய்தி பேசும் தனித் தடம்) எல்லா ரிங் போர்ட்டிலும் டேக் ஆகியிருக்க வேண்டும், அதில் வேறு டிராஃபிக் விடாதீர்கள். ஈஆர்பிஎஸ் காக்கும் விலான்களின் பட்டியலில் விலான் 1 (சுவிட்சில் முதலிலிருந்தே உள்ள விலான்) விட்டுப்போனால் அது ஒன்றே லூப் ஆகும்.

ரிங்குக்கு ஃபைபர் போடுங்கள். செம்பு கிகாபிட்டில் இணைப்பு அறுந்ததை உணரவே 750 மில்லி விநாடி வரை ஆகலாம். செம்பில் 50 என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

பிராட்காஸ்ட் ஸ்டார்ம் கண்ட்ரோலை (அந்த வெள்ளத்தை அளவுக்கு மேல் போகவிடாத அமைப்பு) எல்லாப் போர்ட்டிலும் இன்றைக்கே போட்டு வையுங்கள். ஸ்டார்ம் வந்துவிட்டால் ரீபூட் செய்துகொண்டிருக்காமல், முதலில் ரிங்கில் ஒரு கேபிளைக் கழற்றுங்கள்.