சுகர் வந்த முதல் மூன்று மாதம்: மாத்திரையா சாப்பாடா, சோறா சப்பாத்தியா, லேபா மீட்டரா?

போன தை மாதம் அக்காவுக்கு சுகர் என்று தெரிந்தது. வயது 46. காலில் பட்ட சின்னக் காயம் மூன்று வாரமாக ஆறவில்லையே என்று டாக்டரிடம் போனாள். வெறும் வயிற்றில் 172, மூன்று மாத சராசரியான எச்பிஏ1சி 8.4 என்று ரிசல்ட் வந்தது. முதலாவது 126, இரண்டாவது 6.5, இந்த அளவை எட்டினாலே சர்க்கரை நோய்தான். அன்று ராத்திரி போனில் அவள் கேட்ட முதல் கேள்வி, "ஏன்டா தம்பி, இனிமே சோறே கூடாதா?"

அடுத்த ஒரு வாரத்தில் வீட்டுக்கு வந்தவர்கள் எல்லாரும் ஆளுக்கொரு வழி சொன்னார்கள். அத்தான் கோதுமை மாவு பாக்கெட்டோடு வந்தார். பெரியம்மா கேழ்வரகு கொடுத்து அனுப்பினார். பக்கத்து வீட்டு அண்ணன், "மாத்திரையை மட்டும் தொட்டுடாதீங்க, அப்புறம் ஆயுசுக்கும் விடாது" என்றார். எல்லாம் பிரியத்தில் சொன்னவைதான். ஆனால் எதைப் பிடிப்பது, எதை விடுவது? அக்காவும் நானும் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தோம். இங்கே சொல்வதெல்லாம் இரண்டாம் வகை சர்க்கரைக்கு. உடம்பில் இன்சுலின் ஏறக்குறைய சுரக்கவே செய்யாத முதல் வகைக்கு இன்சுலின் ஊசியை விட்டால் வேறு வழி கிடையாது. அங்கே இந்தப் பேச்சுக்கே இடமில்லை.

மாத்திரையா, சாப்பாட்டுக் கட்டுப்பாடா?

சாப்பாட்டுப் பக்கம் பேசுபவர்களிடம் வலுவான சான்று இருக்கிறது. பிரிட்டனில் நடந்த டைரக்ட் ஆய்வின் முடிவு 2017-ல் வெளிவந்தது. சர்க்கரை வந்து ஆறு வருடத்துக்குள் இருந்த, உடல் எடை கூடிய ஆட்களை மாத்திரையை நிறுத்தச் சொல்லி, தினம் 850 கலோரிக்கு மேல் போகாத சூப், ஷேக் மட்டும் மூன்று முதல் ஐந்து மாதம் கொடுத்தார்கள். ஒரு வருட முடிவில் 46 சதவீதம் பேருக்கு மாத்திரை இல்லாமலே எச்பிஏ1சி 6.5-க்குக் கீழே வந்திருந்தது. 15 கிலோ, அதற்கு மேல் குறைத்தவர்களில் 86 சதவீதம் பேருக்கு. ஆனால் இரண்டாம் வருடம் பார்த்தபோது அந்த 46 என்பது 36 ஆகியிருந்தது. போன எடை திரும்பினால் சர்க்கரையும் திரும்பும். அதனால்தான் டாக்டர்கள் இதைக் 'குணம்' என்று சொல்லாமல் தணிவு நிலை என்கிறார்கள். இன்னொன்று, அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. வீட்டில் நாமே பட்டினி கிடப்பது அதோடு சேராது.

மாத்திரைப் பக்கத்துச் சான்று இன்னும் பழையது. அதே பிரிட்டனில் 1977-ல் தொடங்கிய யூகேபிடிஎஸ் ஆய்வு, புதிதாகச் சர்க்கரை கண்டவர்களை வருடக்கணக்காகத் தொடர்ந்தது. ஒரு குழு மாத்திரை, இன்சுலினோடு ஆரம்பத்திலேயே சர்க்கரையை நன்றாகக் கட்டுக்குள் வைத்தது, இன்னொரு குழு பெரும்பாலும் சாப்பாட்டுக் கட்டுப்பாட்டில் இருந்தது. முதல் குழுவுக்குக் கண், சிறுநீரகப் பாதிப்பு குறைந்தது. ஆய்வு முடிந்து ஒரு வருடத்துக்குள் இரண்டு குழுவின் சர்க்கரை அளவும் ஒன்றாகிவிட்டது. அப்படியும் பத்து வருடம் கழித்துப் பார்த்தால் முதலில் கவனித்தவர்களுக்கே பலன் நின்றிருந்தது, மாரடைப்பு உட்பட. எனக்கு இது பெரிய விஷயமாகப் படுகிறது. முதல் சில வருடம் உடம்பின் கணக்கில் வரவாக நிற்கிறது.

அப்போ எது? 8.4-ல் நிற்கும் ஒருவருக்கு இரண்டும் சேர்ந்துதான் என்பது என் முடிவு. டாக்டர் சொன்னதும் அதுவே. 6.6, 6.7 என்று ஓரத்தில் இருப்பவர், டாக்டர் சம்மதித்தால், மூன்று மாதம் சாப்பாடும் நடையும் மட்டும் பார்க்கலாம். 10-ஐத் தாண்டி, எடையும் மளமளவென்று இறங்கினால் ஒரு நாள்கூடத் தள்ளக்கூடாது. கொஞ்ச காலம் இன்சுலினே தேவைப்படலாம்.

அக்காவுக்கு மெட்பார்மின் 500 மி.கி. எழுதினார்கள். அவள் பயந்தது கிட்னிக்கு. சிறுநீரகத்தை அரிப்பது கட்டுக்கு அடங்காத சர்க்கரைதான். சிறுநீரகம் ஏற்கெனவே தளர்ந்திருந்தால் மெட்பார்மினைக் குறைப்பார்கள் அல்லது நிறுத்துவார்கள், அதனால்தான் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் இரத்தப் பரிசோதனை பார்க்கிறார்கள். முதல் இரண்டு வாரம் அவளுக்கு வயிறு புரட்டியது. சாப்பாட்டோடு சேர்த்துப் போட்டதும் அடங்கிவிட்டது. வருடக்கணக்கில் போட்டால் பி12 குறையலாம், அதையும் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். மெட்பார்மின் தனியாக இருந்தால் சர்க்கரை சட்டென்று தாழ்வது அபூர்வம். இன்சுலினைச் சுரக்கத் தூண்டும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரைகள் சேர்ந்திருந்தால் ஒரு வேளை சாப்பாட்டைத் தவறவிடுவதே ஆபத்து. ஆகவே சீட்டில் என்ன மாத்திரை இருக்கிறது என்று தெரிந்துகொண்டு அப்புறம் விரதம் இருங்கள்.

சோறா, சப்பாத்தியா, கேழ்வரகா?

இதற்கு அக்காவின் ஃபிரிட்ஜ் மேல் இருக்கும் நாற்பது பக்க நோட்டுதான் எனக்குச் சாட்சி. பழைய கோடு போட்ட நோட்டு, ரப்பர் பேண்டில் கட்டிய பேனா. இடப்பக்கம் சாப்பிட்டது, வலப்பக்கம் இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் வந்த எண். 180-க்குள் இருக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

நான்கு இட்லி, தேங்காய்ச் சட்னி: 226. நான்கு சப்பாத்தி, உருளைக்கிழங்கு குருமா: 214. இரண்டு டம்ளர் கேழ்வரகுக் கஞ்சி: 219. ஒரு கப் சோறு, கீரைக் கூட்டு, பீன்ஸ் பொரியல், இரண்டு துண்டு மீன்: 158.

அந்த 158-ஐப் பார்த்ததும் அவள் எனக்கு போட்டோ எடுத்து அனுப்பினாள். எந்தத் தானியம் என்பதைவிட எவ்வளவு, எதோடு என்பதே எண்ணை மாற்றியது. அரிசியில் முக்கால் பங்கு மாவுச்சத்து, கோதுமையிலும் கேழ்வரகிலும் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு. வித்தியாசம் உண்டு, ஆனால் நாலாவது சப்பாத்தி அதைச் சாப்பிட்டுவிடும். கேழ்வரகில் நார்ச்சத்தும் சுண்ணாம்புச்சத்தும் அதிகம்தான். நைசாக அரைத்துக் கஞ்சியாகக் காய்ச்சிக் குடித்தால் வேகமாக ஏறும். இந்தியர்களின் சாப்பாட்டைப் பற்றி ஐசிஎம்ஆர்-இண்டியாப் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வு) குழு 2025-ல் வெளியிட்ட ஆய்வும் இதையே சொல்கிறது: மொத்த மாவுச்சத்தைக் குறைக்காமல் வெறுமனே அரிசியிலிருந்து கோதுமைக்கோ சிறுதானியத்துக்கோ மாறுவதால் ஆபத்து குறையவில்லை. அதில் ஒரு பங்கை பருப்பு, பயறு, பால் வகைப் புரதத்துக்கு மாற்றுவதுதான் பலன் தருகிறது.

சோற்றை விடவே முடியாதவர்கள் சோற்றோடே இருக்கலாம். தட்டில் பாதி காய், கால் பங்கு பருப்போ முட்டையோ மீனோ, கால் பங்கு சோறு. முதலில் காயும் புரதமும், கடைசியில் சோறு என்று சாப்பிட்டால் ஏற்றம் இன்னும் குறையும். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன் மூன்றும் இரத்தத்தில் சர்க்கரைதான். இதில் ஒப்பிட ஒன்றுமில்லை.

லேபா, மீட்டரா, சென்சாரா?

லேபில் எடுக்கும் எச்பிஏ1சி மூன்று மாதத்தின் மொத்தக் கணக்கு. எந்த வேளை சாப்பாடு தப்பு செய்தது என்று அது சொல்லாது. இரும்புச்சத்து குறைந்த இரத்தசோகை இருந்தால் அந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டலாம். நம் வீட்டுப் பெண்களுக்கு இரத்தசோகை எவ்வளவு சகஜம் என்று தெரியும், ஆகவே ஹீமோகுளோபினையும் சேர்த்துப் பாருங்கள்.

மீட்டர் அந்த நிமிடத்தைச் சொல்லும். நல்ல மீட்டரிலும் 15 சதவீதம் வரை முன்னே பின்னே இருக்கலாம், அதனால் 150-க்கும் 160-க்கும் கவலைப்பட வேண்டாம். ஒரு நாள் சாயங்காலம் அக்காவுக்கு 261 வந்தது. பதறிப்போய் எனக்கு போன் செய்தாள். பேசிக்கொண்டே இருக்கும்போதுதான் பிள்ளைகளுக்கு ஆரஞ்சு உரித்துக் கொடுத்தது ஞாபகம் வந்தது. சோப்புப் போட்டுக் கை கழுவி, துடைத்து, மறுபடி குத்திப் பார்த்தாள்: 149. விரலில் ஒட்டிய பழச்சாறு செய்த வேலை. குத்துவதை விரல் நுனியின் நடுவில் செய்யாமல் பக்கவாட்டில் செய்தால் வலியும் குறைவு.

கையில் ஒட்டும் சென்சார் பதினான்கு நாள் இடைவிடாமல் காட்டும். இரவில் என்ன நடக்கிறது என்பது அதில்தான் தெரியும். விலை ஆயிரங்களில் போகிறது. இன்சுலின் போடுபவர்களுக்கு அது பெரிய துணை. மெட்பார்மின் மட்டும் எடுப்பவருக்கு மீட்டரும் நோட்டும் போதும் என்பேன். வசதியிருந்தால் ஒரே ஒரு முறை ஒட்டிப் பார்க்கலாம். ஸ்ட்ரிப் செலவு கையைக் கடித்தால் தினமும் குத்த வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள், வெவ்வேறு வேளையில், புதிதாக ஏதாவது சாப்பிட்ட பிறகு. மாத்திரைக்கு அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசு கிடையாது. தமிழ்நாட்டில் 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே கொண்டுவந்தும் தருகிறார்கள்.

நடைக்கு வருவோம். காலையில் ஒரு மணி நேரமா, சாப்பிட்ட பின் கால் மணி நேரமா? இரண்டும் நல்லது. ஒன்றுதான் முடியும் என்றால் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு நடக்கும் கால் மணி நேரத்தை எடுங்கள். ஏறப்போகிற சர்க்கரையைத் தசை அப்போதே இழுத்துக்கொள்ளும். அக்கா மொட்டை மாடியில்தான் நடக்கிறாள்.

மூன்று மாதம் கழித்து எடுத்த எச்பிஏ1சி 6.7. மாத்திரை தொடர்கிறது.

கண் பரிசோதனையை மட்டும் எதோடும் ஒப்பிடாமல் முதல் மாதமே செய்துவிடச் சொன்னேன். இரண்டாம் வகை சர்க்கரை தெரிய வருவதற்குச் சில வருடம் முன்பே உள்ளே இருந்திருக்கலாம். விழித்திரை, பாத உணர்வு, சிறுநீரில் புரதம், இவற்றை 'அப்புறம் பார்க்கலாம்' என்று விடக்கூடாது. சொட்டு மருந்து விட்டதில் அக்காவுக்குப் பார்வை மங்கியிருந்தது. பஸ் நம்பர் தெரியவில்லை என்று என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். விழித்திரையில் ஒன்றும் இல்லை, அடுத்த வருடம் வாங்க என்று எழுதியிருந்த சீட்டை மடித்து, அந்த நோட்டுக்குள் வைத்திருக்கிறாள்.