வாட்டர் பிரஷர் மீட்டர் மாட்டி அஞ்சு வருஷம்: முள் ஏறினாலும் பயப்பட வேண்டும்

தொண்டிப் பக்கம் ஃபைபர் படகு ஓட்டுகிறேன், படகின் பின்னால் மாட்டுகிற 40 எச்பி டூ ஸ்ட்ரோக் அவுட்போர்டு இன்ஜின். அஞ்சு வருஷத்துக்கு முன்னால் இன்ஜின் பிளாக்கில் இருந்த ஒரு பிளக்கைக் கழற்றி, நிப்பிள் போட்டு, ரீஃபில் தடிமனில் ஒரு குழாய் இழுத்து, கூலிங் தண்ணீரின் பிரஷர் காட்டும் மீட்டரைப் பின்பலகை ஓரத்தில் மாட்டினேன். "அண்ணே, பின்னாடி மூத்திரம் மாதிரி தண்ணி பீச்சுதுல்ல, அது பத்தாதா?" என்று மெக்கானிக் தம்பி சிரித்தான்.

பத்தாது. அந்தப் பீச்சு, பம்ப் தண்ணீரை அந்த உயரத்துக்குத் தூக்குகிறது என்பதற்குத்தான் சாட்சி. இன்ஜினுக்குள் சுற்ற வேண்டிய மீதித் தண்ணீர் சுற்றுகிறதா என்று அதைப் பார்த்துச் சொல்ல முடியாது.

மீட்டர் வாங்குகிறவர்கள் எல்லாரும் கேட்பது, எத்தனை பிஎஸ்ஐ (அழுத்தத்தின் அளவு) காட்டணும்? இன்ஜினுக்கு இன்ஜின் மாறும். புது இம்பெல்லர் (பம்புக்குள் சுற்றித் தண்ணீரைத் தள்ளுகிற ரப்பர் இதழ்ச் சக்கரம்) போட்ட வாரம் என் இன்ஜின் மெல்ல ஓடும்போது 2, முழு வேகத்தில் 14 காட்டியது. அதை மரப்பலகையில் ஆணியால் கீறி வைத்தேன். அதோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் எனக்கு மீட்டர், கடையில் எழுதியிருக்கிற நம்பரை நான் பார்ப்பதில்லை.

ரெண்டாவது வருஷம் ஐடிலில், அதாவது மெல்ல ஓடும்போது, முள் எழும்பவே இல்லை, முழு வேகத்தில் 10. பீச்சு வழக்கம்போல. கீழ்ப்பகுதியைக் கழற்றினால் இம்பெல்லர் இதழ்கள் ஒரே பக்கம் படுத்துக் கிடந்தன, விரலால் நிமிர்த்தினாலும் திரும்பப் படுத்துக்கொண்டன. மெல்ல ஓடும்போது இந்த இதழ்கள் சுவரை உரசி, தண்ணீரை நழுவவிடாமல் அள்ளித் தள்ளணும். வேகம் கூடினால் அவை வளைந்து சுவரை விட்டு விலகிவிடும், அப்புறம் சுழற்றி வீசுகிற பம்ப் மாதிரிதான் வேலை செய்யும். அதனால்தான் தேய்மானம் முதலில் ஐடிலில் தெரிந்தது. ஓர் இதழின் நுனி பிய்ந்திருந்தது, அந்தத் துண்டை மேலே குழாயில் தேடி எடுத்த பிறகுதான் மூடினேன்.

இதற்கு நேர் எதிராக, ஐடிலில் சரியாக இருந்து முழு வேகத்தில் முள் இறங்கினால் நான் தண்ணீர் உறிஞ்சும் வாயைப் பார்ப்பேன். எங்கள் பக்கம் கடல்தாழையும் பிளாஸ்டிக் பையும் வந்து ஒட்டிக்கொள்ளும். இன்ஜினைத் தூக்கித் துடைத்தால் முடிந்தது. முள் நடுங்கினால் காற்று உள்ளே போகிறது, இன்ஜின் அதிகம் தூக்கியிருக்கிறது என்று அர்த்தம்.

நான் ஏமாந்தது நாலாவது வருஷம். முழு வேகத்தில் 18 காட்டியது. புது இம்பெல்லர் அடிக்கிற அடி இது என்று சந்தோஷப்பட்டேன். ஒரு மாசம் கழித்துக் கரையிலிருந்து வெகுதூரத்தில் ஓவர்ஹீட் அலாரம் கத்தியது. நிறுத்தி ஆறவிட்டு, மெதுவாக ஓட்டி வந்து சேர்ந்தேன். தெர்மோஸ்டாட் (சூடு ஏறினால் திறந்து தண்ணீரை விடுகிற வால்வு) மூடியைத் திறந்தால் உள்ளே சுண்ணாம்பு பூசியது போல வெள்ளையாக உப்பு. தோட்டத்துக் குழாயின் வாயைக் கட்டைவிரலால் பாதி மூடினால் உள்ளே அழுத்தம் ஏறும், வரும் தண்ணீரோ குறையும், அதே கதைதான். பம்ப் நன்றாகத்தான் தள்ளியிருக்கிறது, போக வழியில்லை. தெர்மோஸ்டாட்டைச் சட்டியில் வெந்நீரில் போட்டுப் பார்த்தேன், 60 டிகிரி தாண்டியும் திறக்கவே இல்லை. (கடலில் ஓடும் இன்ஜினுக்கு இது திறக்கிற சூட்டைக் கார் தெர்மோஸ்டாட்டைவிடக் குறைவாக வைத்திருப்பதே இந்த உப்புக்குப் பயந்துதான்.) அதை மாற்றினேன், பாதைகளில் வினிகர் ஊற்றி ஊறவைத்துச் சுரண்டினேன். முள் 14-க்கு வந்தது.

அந்த வருஷம் நல்ல தண்ணீரில் கழுவுவதை நான் பாதி நாள் விட்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். கரைக்குக் குடிதண்ணீரே லாரியில் வரும்போது இன்ஜினுக்கு எங்கே போவது என்ற சாக்கு இருந்தது.

மீட்டரும் ஒழுங்கில்லை. மூணாவது வருஷம் இன்ஜின் நிறுத்திய பிறகும் முள் 5-லேயே நின்றது, குழாய்க்குள் உப்பு அடைத்திருந்தது. இப்போது கிளம்பும் முன் முள் பூஜ்ஜியத்தில் நிற்கிறதா என்று ஒரு பார்வை, ஆறு மாசத்துக்கு ஒருமுறை குழாயைக் கழற்றி ஊதுவது. கண்ணாடிக்குள் ஈரம் கோத்து எண்கள் மங்கிவிட்டன, பத்துக்கும் பதினாலுக்கும் நடுவில் பாதி ஊகம்தான். அடுத்தது பெரிய எழுத்தில் ஒன்றாகப் பார்த்து வாங்கணும்.