வைட்பேண்ட் மீட்டரும் ஈசியு லாக்கும் ஒத்துப்போகாதபோது: பல வருட அனுபவம்

எக்ஸாஸ்ட் புகையிலிருந்து காற்று–பெட்ரோல் விகிதத்தை (ஏஎஃப்ஆர்) அளக்கும் வைட்பேண்ட் கன்ட்ரோலரின் 0–5 வோல்ட் அனலாக் அவுட்புட்டை, இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டரான ஈசியுவுக்குக் கொடுத்துப் பல வருடங்களாக ட்யூன் செய்கிறேன். சென்சார் பாஷ் எல்எஸ்யு 4.9. அதன் மேல் எனக்குக் குறையே இல்லை. தொல்லையெல்லாம் பெரும்பாலும் கிரவுண்டில்தான்.

டாஷில் இருக்கும் மீட்டர் ஏஎஃப்ஆர் 12.5 காட்டும், அதே நொடி ஈசியு எழுதும் லாக்கில் 12.8 பதிவாகும். ஐடிலில் மீட்டர் 14.7, லாக் 15.0. ரிச் (பெட்ரோல் அதிகம்), லீன் (பெட்ரோல் குறைவு) எங்கே பார்த்தாலும் அதே 0.3 வித்தியாசம் என்றால் அது வோல்டேஜ் ஆஃப்செட், அதாவது வோல்டேஜ் எங்கும் ஒரே அளவு தள்ளிப்போவது. லீன் பக்கம் போகப் போக வித்தியாசம் கூடினால் கதை வேறு. ஈசியுவில் போட்ட ஸ்கேலிங்கையோ (வோல்ட்டை ஏஎஃப்ஆராக மாற்றும் கணக்கு), அதன் 5 வோல்ட் ரெஃபரன்ஸையோ பார்க்க வேண்டும்.

0 வோல்ட்டுக்கு 7.35, 5 வோல்ட்டுக்கு 22.39 என்று அமைத்த கன்ட்ரோலரில் ஒரு வோல்ட் என்பது ஏறக்குறைய 3 ஏஎஃப்ஆர். அதாவது 0.1 வோல்ட் பிசகினாலே 0.3 போய்விடும். 10 முதல் 20 வரை அமைத்ததில் அதே பிசகு 0.2தான்.

அந்த 0.1 வோல்ட் எங்கிருந்து வருகிறது? சென்சார் ஹீட்டரிலிருந்து. ஹீட்டர் கரன்ட்டும் சிக்னல் கிரவுண்டும் ஒரே வயரில் திரும்பினால், துருப்பிடித்த ஒரு ரிங் டெர்மினலின் 0.1 ஓம் போதும். ஒரு ஆம்பியர் ஓடும்போது கன்ட்ரோலரின் கிரவுண்ட் 0.1 வோல்ட் மேலே ஏறிவிடும். ஈசியு அதையும் சிக்னலோடு சேர்த்துப் படித்து, கலவை லீன் என்று நினைத்துக்கொள்ளும். ஆறிய சென்சாரைச் சூடாக்கும்போது ஹீட்டர் கூடுதல் கரன்ட் இழுப்பதால், கிளப்பிய புதிதில் வித்தியாசம் பெரிதாக இருந்து அப்புறம் குறையும். இதைப் பார்த்தாலே எனக்குப் பாதி சந்தேகம் தீர்ந்துவிடும்.

எந்தப் பக்கம் பிசகுகிறது என்பது ரொம்ப முக்கியம். ஈசியுவின் கிரவுண்ட் மேலே ஏறினால் லாக் உண்மையைவிட ரிச்சாகக் காட்டும். அதை நம்பி ஃபுல் த்ராட்டிலில் பெட்ரோலைக் குறைத்தால் இன்ஜினுக்கே ஆபத்து. மீட்டரும் லாக்கும் ஒத்துப்போகும் வரை ஃபியூவல் டேபிளை (எவ்வளவு பெட்ரோல் விட வேண்டும் என்று ஈசியுவில் இருக்கும் அட்டவணை) தொடவே கூடாது என்பதில் நான் பிடிவாதமாக இருக்கிறேன்.

சோதிப்பது சுலபம். இன்ஜின் ஓடட்டும், ஃபேனும் ஹெட்லைட்டும் எரியட்டும். மல்டிமீட்டரை மில்லிவோல்ட்டில் வைத்து, ஒரு முனையைக் கன்ட்ரோலர் கிரவுண்டிலும் மறுமுனையை ஈசியு சென்சார் கிரவுண்டிலும் வையுங்கள். சில மில்லிவோல்ட் என்றால் பரவாயில்லை. 50, 100 என்று காட்டினால் வயரிங்கில் வேலை இருக்கிறது. இன்ஜின் நின்றிருக்கும்போது அளந்தால் இது கண்ணில் படாமலே போகலாம்.

கன்ட்ரோலரில் ஹீட்டர் கிரவுண்டும் அனலாக் கிரவுண்டும் தனித்தனி வயராக வந்தால் அனலாக்கை ஈசியு சென்சார் கிரவுண்டுக்கும், ஹீட்டரை ஈசியுவின் பவர் கிரவுண்ட் போல்ட்டுக்கும் கொண்டுபோங்கள். ஒரே வயர்தான் என்றால் அதையும் அந்த போல்ட்டில்தான் கட்ட வேண்டும். ஹீட்டர் கரன்ட்டைச் சென்சார் கிரவுண்டில் விட்டால் மற்ற சென்சார்களின் ரீடிங்கும் கெடும்.

சாஃப்ட்வேரில் 0.1 வோல்ட்டைக் கழித்துவிட்டால் ஆயிற்று என்று சிலர் சொல்வார்கள். ஃபேன் ஓடும்போது ஒரு ஆஃப்செட், ஓடாதபோது இன்னொன்று. எந்த எண்ணைக் கழிப்பது? வயரிங்கைச் சரிசெய்த பிறகு எஞ்சும் சின்ன, மாறாத பிசகுக்கு மட்டும் அது சரி. சென்சாரை வெளிக்காற்றில் வைத்துச் சரிபார்க்கும் ஃப்ரீ ஏர் கேலிப்ரேஷனும் இதற்கு மருந்தல்ல. மீட்டர் சரியாகத்தானே காட்டுகிறது!

ஈசியுவில் கேன் (CAN, வண்டியின் கருவிகள் டிஜிட்டலாகப் பேசிக்கொள்ளும் இணைப்பு) உள்ளீடு இருந்தால் யோசிக்காமல் அதற்கு மாறிவிடுங்கள். எண் டிஜிட்டலாகவே போய்ச் சேர்வதால் கிரவுண்டில் ஏறும் அந்த 0.1 வோல்ட் ரீடிங்கைத் தொடாது. நான் மாறிய பிறகு மீட்டரும் லாக்கும் ஒரே எண்ணைத்தான் காட்டுகின்றன.