பழைய வண்ணாரப்பேட்டை ஜெராக்ஸ் கடை நோட்ஸ்: இரண்டாம் எட்வர்டு பாடத்துக்கு நம்பி வாங்கலாமா?

பி.ஏ. வரலாறு மாணவர்களுக்கென்று ஸ்பைரல் போட்டு விற்கும் ‘இங்கிலாந்து வரலாறு’ நோட்ஸில், ராஜா இரண்டாம் எட்வர்டும் அவர் தலையில் தூக்கிவைத்து ஆடிய நண்பர் பியர்ஸ் கவெஸ்டனும் வரும் பகுதி மொத்தம் 14 பக்கம். முதல் ஐந்து பக்கம் அருமை. அதற்குப் பிறகு பேனாவும் கையுமாகத்தான் படிக்க வேண்டும்.

அந்த ஐந்து பக்கத்தின் பலம் ஓர் அட்டவணை. தென்மேற்குப் பிரான்சின் காஸ்கனியிலிருந்து வந்த நைட் குடும்பத்துப் பையனான கவெஸ்டனை 1307 பிப்ரவரியில் ராஜாவின் தகப்பன் முதலாம் எட்வர்டு நாடுகடத்துகிறார். ஜூலை 7இல் கிழவர் கண்மூடியதும் மகன் திரும்பக் கூப்பிட்டுக்கொள்கிறார். ஆகஸ்டில் கார்ன்வால் ஏர்ல் (உயர்ந்த பிரபு) பட்டம். நவம்பரில் ராஜாவின் அக்கா மகள் மார்கரெட் டி கிளேருடன் கல்யாணம். 1308 ஜனவரியில் பிரெஞ்சு இளவரசி இசபெல்லாவை மணக்க ராஜா பிரான்ஸ் போனபோது நாட்டைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பும் அவருக்கே. ஒவ்வொன்றுக்கும் எதிரே ‘இதனால் யாருக்கு எரிச்சல்’ என்று ஒரு கட்டம் போட்டிருக்கிறார்கள். கொடுத்த காசு அந்தக் கட்டத்துக்கே சரியாகப் போய்விடும். கார்ன்வால் ராஜ குடும்பத்துச் சொத்தாக இருந்தது. அதை வெளியாளுக்குக் கொடுத்தால் ரத்த சொந்தம் சும்மா இருக்குமா? ராஜாவிடம் எதைக் கேட்பதானாலும் இந்த ஆளைத் தாண்டித்தான் போக வேண்டும் என்ற நிலைமை அதைவிடப் பெரிய புண். தலைவரைப் பார்க்க வாசலில் நிற்கிறவரை முதலில் பிடிக்க வேண்டும் என்பதை ராயபுரத்தில் யாருக்கும் விளக்கத் தேவையில்லை.

அடுத்து 1308 ஏப்ரல் பிரகடனம். விசுவாசம் மகுடத்துக்குத்தான், அதைச் சூடியிருக்கும் ஆளுக்கல்ல என்று பிரபுக்கள் சொன்னது. நோட்ஸில் இதற்கு இரண்டே வரி. பத்து மார்க் கேள்வியின் முதுகெலும்பே இதுதான். 1321இல், கவெஸ்டனுக்குப் பிறகு ராஜாவுக்கு நெருக்கமான இளைய டெஸ்பென்சர் மீது குற்றம் சாட்டியபோது, இதே கொள்கையைப் பேசியதும் குற்றங்களில் ஒன்றாகச் சேர்ந்தது. அதைச் சேர்த்து எழுதினால் திருத்துகிறவர் நிமிர்ந்து உட்காருவார்.

இனி திருத்த வேண்டியவை. 1308இல் கவெஸ்டனை ‘அயர்லாந்துக்குத் துரத்தினார்கள்’ என்று இருக்கிறது. நாட்டை விட்டுப் போனது உண்மை. ஆனால் ராஜா அவரைத் தன் பிரதிநிதியாக நியமித்து, பதவியோடுதான் அங்கே அனுப்பினார். தண்டனையையே பதவியாக மாற்றிய அந்தச் சாமர்த்தியம் விட்டுப்போனால், மறு வருஷமே அவர் எப்படித் திரும்பினார் என்பது புரியாது.

ராஜாவின் கையைக் கட்டப் பிரபுக்கள் போட்ட 1311 ஆர்டினன்ஸ்களில் கோட்டை விட்டது இன்னும் பெரிசு. 21 பேர் கொண்ட குழு போட்ட 41 விதிகளையும் கவெஸ்டன் மேல் கட்டிவிட்டார்கள். அவரை நாடுகடத்தச் சொல்வது 20ஆவது விதி. மற்றவற்றில் கணிசமானவை பணமும் நிர்வாகமும்: பிரபுக்கள் சம்மதமில்லாமல் ராஜா மானியம் தரக்கூடாது, சுங்கவரி கருவூலத்துக்கே போக வேண்டும், வருஷத்துக்கு ஒரு முறையாவது நாடாளுமன்றம் கூட வேண்டும். இத்தாலிய வட்டிக்கடைக்காரர்களான ஃப்ரெஸ்கோபால்டிகள் மேலும் அதில் நடவடிக்கை உண்டு. தகப்பன் வைத்துவிட்டுப் போன கடனை ஒரு வரி எழுதாமல் இந்த விதிகளை விளக்கவே முடியாது. நோட்ஸில் அந்த வரி இல்லை.

11ஆம் பக்கத்தில் ‘பெம்புரோக் கவெஸ்டனைக் கொன்றார்’ என்பது சுத்தத் தவறு. 1312 மே மாதம் ஸ்கார்பரோ கோட்டையில் கவெஸ்டன் சரணடைந்தது பெம்புரோக் ஏர்லிடம். உயிருக்கு வாக்குக் கொடுத்தவரும் அவரே. டெடிங்டனில் கைதியை விட்டுவிட்டு பெம்புரோக் நகர்ந்த நேரத்தில் வார்விக் ஏர்ல் வந்து தூக்கிப் போனார். ஜூன் 19, பிளாக்லோ குன்றில், லங்காஸ்டர் ஏர்லின் நிலத்தில் தலை போனது. வாக்கு கெட்ட கோபத்தில் பெம்புரோக் ராஜா பக்கம் சாய்ந்தார். எதிரணி உடைந்தது அங்கேதான். கொன்றவர் பெயர் மாறினால் அடுத்த பத்து வருஷக் கதையும் மாறிப்போகும். வார்விக்குக்கு கவெஸ்டன் வைத்த ‘ஆர்டன் காட்டுக் கறுப்பு நாய்’ என்ற பட்டப்பெயரைப் பெட்டி கட்டிப் போட்டிருப்பது நல்ல யோசனை; ஆள் யாரென்று மறக்காது.

கடைசி இரண்டு பக்கத்தில் கவெஸ்டனும் டெஸ்பென்சரும் ஒருவரோடு ஒருவர் கலந்துவிட்டார்கள். காரணம் லேசில் தெரியும்: இருவரும் கட்டியது கிளேர் சகோதரிகளை. ஓரத்தில் ஒரு சின்ன மரம் வரைந்துகொள்ளுங்கள். எலினார் – டெஸ்பென்சர், மார்கரெட் – கவெஸ்டன், மூன்றாவது எலிசபெத். அண்ணன் கில்பர்ட் 1314 ஜூன் 24 ஸ்காட்லாந்துக்காரர்களோடு நடந்த பேனக்பர்ன் போரில் வாரிசில்லாமல் சாக, சொத்து மூன்று பங்கானது. டெஸ்பென்சர் எழுந்ததும் அடுத்த சண்டை மூண்டதும் அந்தப் பாகப்பிரிவினையில்தான். கவெஸ்டன் அந்தப் போருக்கு இரண்டு வருஷம் முன்பே செத்துவிட்டார்.

அச்சு விஷயம்: ஒரு தாளில் இரண்டு பக்கமாகச் சுருக்கி எடுப்பதால் 8 எல்லாம் 6 மாதிரி தெரிகிறது; 1308 எது 1306 எது என்றே புரியாது. இந்தப் பகுதியை மட்டும் முழு அளவில், ஒரு பக்க அச்சாகக் கேட்டு வாங்குங்கள். திருத்தம் எழுத பின்பக்கம் காலியாக இருக்கும்.